ஓய்வு நேரத்தில் உருவான தலைவர்

விருதுநகரில் 1903-ம் ஆண்டு ஜூலை 15-ந் தேதி, குமாரசாமி நாடாருக்கும் சிவகாமி அம்மாளுக்கும் ஓர் ஆண் மகவு பிறந்தது. அக்குழந்தையே பிற்காலத்தில் நாடறிந்த காமராஜர். சிறு வயதிலேயே தகப்பனாரை இழந்தார். குடும்பம் வறுமையுற்றது. வீடுதோறும் எடுத்து வைத்த பிடியரிசியின் உதவியால் வளர்ந்த க்ஷத்திரிய வித்யாசாலையில் படித்து வந்தவர், ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்த நேர்ந்தது. பிறகு மாமாவின் ஜவுளிக்கடையில் வேலைக்கு அமர்ந்தார்.

பள்ளிக்கூடத்தை விட்டால் கல்வியும் போயிற்று என்று எண்ணுவோர் பலர். காமராஜர் அப்படி எண்ணவில்லை. கடை வேலை போக மிஞ்சிய பொழுதில் பத்திரிகைகளைக் கருத்தூன்றிப் படித்தார். ஊரில் பொதுக்கூட்டம் என்றால் அங்கே முதலில் நிற்பார். டாக்டர் வரதராஜுலு நாயுடு முதலியோரின் பிரசங்கங்களைக் காது கொடுத்துக் கேட்டார். நாளடைவில் கூட்டம் கூட்டவும், தொண்டர்களைச் சேர்க்கவும், மக்களிடம் மனம் விட்டுப் பேசவும் தாமே பழகிக்கொண்டார். இதற்குச் சம்பளமும் இல்லை, பரீட்சையும் இல்லை. வீட்டாருக்கோ இது பிடிக்கவில்லை. அவரைத் திருவனந்தபுரத்திலிருந்த இன்னொரு மாமாவின் மரக்கடைக்கு அனுப்பினார்கள். அங்கு போயும் அவர் ஆர்வம் குறையவில்லை.

1930-ல் உப்பு சத்தியாக்கிரகத்தில் சிறை சென்றார். தம் வாழ்நாளில் ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் சிறையில் கழித்தார். அந்த நாட்களையும் அவர் வீணாக்கவில்லை. புத்தகங்கள் படித்தார், ஆங்கிலமும் பயின்றார்.

1954 முதல் 1963 வரை முதலமைச்சராக இருந்தபோது, பட்டிதொட்டிகளிலெல்லாம் பள்ளிகளைத் திறந்தார். ஏழைப் பிள்ளைகளுக்கு மதிய உணவும் இலவசக் கல்வியும் கிடைக்க வழி செய்தார். தமக்குக் கிட்டாத பள்ளிப் படிப்பைப் பிறர் பிள்ளைகளுக்குக் கிட்டச் செய்த அப்பெரியார், 1975 அக்டோபர் 2-ந் தேதி காலமானார்.

பெற்றோரே, நம் சிவகாசி வட்டாரத்தில் தீப்பெட்டி, பட்டாசு வேலைக்குச் செல்லும் வாலிபர் பலர். அவர்களுக்கும் மாலை நேரம் உண்டு; ஞாயிற்றுக்கிழமை உண்டு; தீபாவளி முடிந்ததும் ஆலைகளுக்கு விடுமுறை உண்டு. அந்த நேரம் கைப்பேசியிலேயே கரைந்து போகலாம். ஒரு தொழிலாக, ஒரு மொழியாக, ஓர் இசைக் கருவியாக அவர்கள் கைக்கு வந்தும் சேரலாம். படிப்பு நின்றுபோன பிள்ளையை, இனி ஒன்றுக்கும் உதவான் என்று தள்ளிவிடாதீர்கள். வாலிபரே, இன்று மாலை உங்களுக்குக் கிடைக்கும் ஒரு மணி நேரத்தை எதைக் கற்கச் செலவிடப் போகிறீர்கள்?