அளவு கண்ட டாக்டர் வித்தரிங்

இங்கிலாந்தில் ஷ்ராப்ஷயர் என்ற ஜில்லாவில் ஒரு கிழவி இருந்தாள். நீர் கோத்து, உடம்பு வீங்கி, டாக்டர்கள் கைவிட்ட நோயாளிகள் அவளைத் தேடிப் போவார்கள். இருபதுக்கு மேற்பட்ட மூலிகைகள் சேர்ந்த மருந்து ஒன்றைக் கொடுப்பாள். சிலருக்கு வீக்கம் வடிந்துவிடும். ஆனால் வாந்தியும் பேதியும் ஆளை உலுக்கி எடுத்துவிடும்!

1775-ல் இந்த மருந்தைப் பற்றி டாக்டர் வில்லியம் வித்தரிங்கிடம் அபிப்பிராயம் கேட்டார்கள். எடின்பரோவில் படித்துப் பட்டம் பெற்றவர் அவர். செடிகொடி ஆராய்ச்சியில் மோகம் உள்ளவர். (அதிலே ஒரு காதல் கதையும் உண்டு. பூக்களைச் சித்திரமாக வரையும் ஒரு பெண் அவரிடம் சிகிச்சைக்கு வந்தாள். அவளுக்காகக் காடு மேடெல்லாம் பூத் தேடி அலைந்தார். கடைசியில் அவளையே மணந்துகொண்டார்!)

இருபது மூலிகையில் வேலை செய்வது ஒன்றே ஒன்றுதான் என்று வித்தரிங் கண்டுகொண்டார். அது பாக்ஸ்குளோவ் என்ற செடி. மற்றவை வெறும் கூட்டம்!

செடி தெரிந்துவிட்டது. எவ்வளவு கொடுப்பது? அங்கேதான் ஆபத்து இருந்தது. கொஞ்சம் கூடினால் அது விஷம். ஆரம்பத்தில் அவரே அதிகமாகத்தான் கொடுத்தார். பிறகு படிப்படியாகக் குறைத்தார். பருவத்துக்குப் பருவம் செடியின் வீரியம் மாறுவதைக் கவனித்து, பூக்கும் சமயத்தில் இலையைப் பறித்து உலர்த்திப் பொடியாக்கினார். ஒரு வேளைக்கு ஒன்று முதல் மூன்று கிரெயின் வரை. அதாவது, குன்றிமணி எடைக்குச் சற்று முன்பின். சிறுநீர் நன்றாகப் பிரிந்தாலும், குமட்டினாலும், பேதியானாலும், நாடி தளர்ந்தாலும் உடனே மருந்தை நிறுத்திவிட வேண்டும் என்று விதி வகுத்தார்.

பர்மிங்காம் பொது ஆஸ்பத்திரியில் அவர் டாக்டராக இருந்தார். ஏழைகளுக்குக் காசு வாங்காமல் வைத்தியம் செய்தார். பத்து வருஷ அனுபவத்தை 1785-ல் புத்தகமாக வெளியிட்டார். அதில் 160-க்கு மேற்பட்ட நோயாளிகளின் விவரம் இருக்கிறது. பிழைத்தவர்களை மட்டும் பொறுக்கி எழுதியிருந்தால் புகழ் இன்னும் ஓங்கியிருக்கும். அவரோ பலிக்காமல் போனவர்களையும், இறந்தவர்களையும் மறைக்காமல் எழுதினார்.

1799-ல் காசநோய் அவரைக் கொண்டுபோயிற்று.

அவருக்குப் பின் வந்த டாக்டர்கள் காசநோய், சித்தப்பிரமை என்று கண்டதற்கெல்லாம் அந்த இலையைக் கொடுத்தார்கள். மருந்துக்குக் கெட்ட பெயர் வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் ஜேம்ஸ் மெக்கன்சி முதலிய டாக்டர்கள், தாறுமாறாகத் துடிக்கும் இருதயத்துக்கு ஏற்ற மருந்து அது என்று நிலைநாட்டினார்கள். 1930-ல் அதே இனத்தைச் சேர்ந்த இன்னொரு செடியிலிருந்து டிஜாக்சின் பிரித்தெடுக்கப்பட்டது.

இன்று டிஜாக்சினை மில்லிகிராமில் கால் பங்கு, அரைக்கால் பங்கு என்று கொடுக்கிறார்கள். சிறுநீரகம் பழுதென்றால் இன்னும் குறைப்பார்கள். அதைச் சாப்பிடும் நோயாளிக்குக் குமட்டல் வந்தாலோ, கண்ணுக்கு எல்லாம் மஞ்சளாகத் தெரிந்தாலோ, டாக்டர்கள் முதலில் சந்தேகிப்பது மருந்தின் அளவைத்தான்.