கால் வெட்டாமல் காப்பாற்றிய சாள்ஸ் டொட்டர்

காலை எடுக்கவேண்டும் என்று வைத்தியர் சொன்னால் அந்தக் குடும்பம் என்னாகும் என்பது எங்களுக்குத் தெரியும். போரில் கால் இழந்தவர்களைப் பற்றி நீண்டகாலம் எழுதிவருபவன் நான். சாள்ஸ் டொட்டர் என்ற அமெரிக்க வைத்தியரின் வாழ்க்கை என்னை ஈர்த்ததற்கு அதுவே காரணம்.

டொட்டர் 1920ஆம் ஆண்டு பொஸ்டன் நகரில் பிறந்தார். சிறுவயதிலிருந்தே இயந்திரங்களைக் கழற்றிப் பார்ப்பதில் அவருக்கு ஆசை. 1944இல் வைத்தியரானார். 1952இல், 32 வயதிலேயே, போர்ட்லண்ட் நகரிலுள்ள ஒரேகன் மருத்துவக் கல்லூரியில் கதிரியக்கவியல் துறைத் தலைவரானார். இறக்கும்வரை அந்தப் பதவியில் இருந்தார்.

அந்தக் காலத்தில் கதிரியக்க வைத்தியரின் வேலை படம் எடுத்துக் கொடுப்பதுடன் முடிந்துவிடும். சிகிச்சை செய்வது சத்திரசிகிச்சை நிபுணர்தான். 1963இல் ஒரு நோயாளிக்குப் படம் எடுப்பதற்காக டொட்டர் செலுத்திய மெல்லிய குழாய், அடைபட்டிருந்த நாடி ஒன்றைத் தற்செயலாகத் திறந்துவிட்டது. இதையே சிகிச்சையாகச் செய்யலாம் என்று அவருக்குப் பட்டது.

1964 ஜனவரி 16ஆம் திகதி அதற்கு வாய்ப்புக் கிடைத்தது. 82 வயதுப் பெண் ஒருவருக்கு இரத்த ஓட்டம் குறைந்து கால்விரல்கள் அழுகத் தொடங்கியிருந்தன. காலை எடுக்க வைத்தியர்கள் முடிவு செய்தார்கள். அந்த அம்மா சம்மதிக்கவில்லை. டொட்டர் தொடை நாடிக்குள் கம்பி ஒன்றைச் செலுத்தி, அதன்மேல் ஒன்றைவிட ஒன்று தடித்த குழாய்களை ஏற்றி, ஒடுங்கிய இடத்தை விரித்தார். குளிர்ந்து கிடந்த கால் சூடானது. பின்னர் இரண்டரை வருடங்களுக்கு மேலாக அந்த அம்மா தன் இரண்டு கால்களாலும் நடந்தார்.

இருந்தும் அமெரிக்காவின் சத்திரசிகிச்சை நிபுணர்கள் பலர் அவரைப் பைத்தியக்காரன் என்றே ஒதுக்கினார்கள். ஐரோப்பிய வைத்தியர்கள்தான் அவர் வழியை முதலில் பின்பற்றினார்கள். விரித்த நாடி மீண்டும் ஒடுங்காதிருக்க, கம்பிச் சுருளை உள்ளே வைத்துத் தாங்கலாம் என்று நாய்களில் செய்து பார்த்து 1969இல் டொட்டர் எழுதினார். இன்றைய ஸ்டென்டுக்கு அது ஒரு தொடக்கம்.

அவரோடு பணியாற்ற 1967இல் பிராக் நகரிலிருந்து ஜோசப் ரோஷ் என்ற வைத்தியர் வந்தார். கழுத்து நாளம் வழியாக ஈரலுக்குள் சென்று இரத்தத்துக்குப் புதிய பாதை அமைக்கும் முறையை 1969இல் அவர் விலங்குகளில் செய்து காட்டினார். நாடிகளில் தொடங்கிய வேலை ஈரலுக்கும் சென்றது இப்படித்தான்.

ஈரலிலிருந்து இரத்தத்தை வெளியே கொண்டுசெல்பவை ஈரல் நாளங்கள். ஈரல் மாற்றியபின் தையல் போட்ட இடத்தில், அல்லது ஈரலின் ஒரு பகுதியை அகற்றியபின் மிஞ்சிய பகுதி திரும்பி முறுகும்போது, அவை ஒடுங்கலாம். இரத்தம் வெளியேற முடியாமல் ஈரல் வீங்கும். வயிற்றில் நீர் சேரும். முன்பு வெட்டிய வயிற்றுக்குள் தழும்பும் ஒட்டலும் இருக்கும் என்பதால் மறுபடி திறப்பது ஆபத்து. அதனால் கழுத்து நாளம் வழியாகக் கம்பியைச் செலுத்தி, பலூனால் விரித்து, அது போதாவிட்டால் ஸ்டென்ட் வைக்கிறார்கள். நாளம் திறந்தே இருக்கிறதா என்று பின்னர் ஸ்கான் செய்து பார்ப்பதும் அவசியம்.

வயிற்றில் தழும்போடு வாழ்பவர்கள் எங்களில் பலர், நானும் ஒருவன். எல்லோருக்கும் இந்த நோய் வராது, பயப்படத் தேவையில்லை. ஆனால் ஈரலில் சத்திரசிகிச்சை செய்தவருக்கு வயிறு ஊதினால், கால் வீங்கினால், வலது விலாவின்கீழ் நோ இருந்தால், சாப்பாட்டுக் கோளாறு என்று வீட்டில் இருந்துவிடக்கூடாது. வைத்தியரிடம் பழைய சத்திரசிகிச்சையைப் பற்றிச் சொல்லவேண்டும். நாளங்களின் இரத்த ஓட்டத்தை ஸ்கானில் பார்க்கலாமா என்று கேட்கவேண்டும்.

டொட்டரும் நோயாளியாக இருந்தவர்தான். நிணநீர்ப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றபடியே மலையேறினார். 1985 பெப்ரவரியில், 64 வயதில் காலமானார். காலை எடுக்கவேண்டாம் என்ற ஒரு கிழவியின் சொல்லுக்கு அவர் செவிகொடுத்தார். எங்கள் வைத்தியசாலைகளில் வரிசையில் நிற்கும் ஒவ்வொருவருக்கும் வேறு வழி உண்டா என்று கேட்கும் உரிமை இருக்கிறது. அந்தக் கேள்வியை நாங்கள் கூச்சமில்லாமல் கேட்கப் பழகவேண்டும்.