முதலாளி விலகினார், தொழில் வாழ்ந்தது!

கடை வளர்கிறது. கண்ணும் கருத்துமாகக் காத்தவர் கண்மூடுகிறார். மறுநாளே கல்லாப்பெட்டிச் சாவிக்குச் சண்டை! பங்காளிகள் நீதிமன்றத்திலே, பாடுபட்டவர்கள் நடுத்தெருவிலே! ஊருக்கு ஊர் நாம் காணும் காட்சி இது. தொழிலைத் தொடங்கத் தெரிந்தவர் பலர்; வளர்க்கத் தெரிந்தவர் சிலர்; தாம் இல்லாதபோதும் அது வாழ வழி வகுத்துவிட்டு விலகத் தெரிந்தவரோ, மிக மிகச் சிலர். அந்தச் சிலரிலே ஒருவர், ஜெர்மன் நாட்டு எர்னஸ்ட் அபே.

ஆலைத் தொழிலாளியின் மகன் அவர், தோழர்களே! 1840ஆம் ஆண்டு ஐசனாக் நகரிலே பிறந்தார். தந்தைக்கு நூற்பாலையிலே நாளொன்றுக்கு 14 மணி, 16 மணி வேலை. சோறு கொண்டு செல்வான் சிறுவன். இயந்திரத்தை விட்டு நகராமல், நின்றபடியே உண்டுவிட்டுப் பாத்திரத்தைத் திருப்பித் தருவார் தந்தை. ஐம்பதை எட்டுமுன்பே அவர் கிழவராகிவிட்டதைக் கண்டான் மகன். அந்தக் காட்சி அவன் நெஞ்சைவிட்டு அகலவே இல்லை.

ஆலை முதலாளியின் உதவி கிடைத்தது, மகன் படித்தார், கணக்கிலும் இயற்பியலிலும் தேர்ந்தார், 1863லே யெனா பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார்.

அதே யெனாவிலே, 1846லே, கார்ல் ஜெய்ஸ் என்ற கைவினைஞர் சிறு பட்டறை ஒன்றைத் திறந்திருந்தார். நுண்ணோக்கிகள் செய்யும் பட்டறை. நல்ல சரக்குத்தான். ஆனால் செய்முறை? வில்லையைத் தேய்ப்பார்கள், பொருத்திப் பார்ப்பார்கள், சரியில்லையேல் கழற்றிவிட்டு மீண்டும் தேய்ப்பார்கள். கைப்பழக்கமே அளவுகோல்; கண்மதிப்பே கணக்கு! கைதேர்ந்தவர் போய்விட்டால், வித்தையும் அவரோடு போய்விடும். இந்த நிலையில் பட்டறை எப்படி வளரும்? இதை உணர்ந்த ஜெய்ஸ், 1866லே, 26 வயது அபேயைத் துணைக்கு அழைத்தார்.

ஆறாண்டு உழைப்பு! 1872 முதல், அங்கே செய்யப்பட்ட நுண்ணோக்கிகள் அனைத்தும் முன்கூட்டியே போட்ட கணக்கின்படி உருவாயின. ஒருவர் விரல் நுனியிலே இருந்த வித்தை, பலரும் கற்கும் ஏட்டுக்கு வந்தது. வேலையைப் பிரித்துக் கொடுக்க முடிந்தது. புதியவரைப் பழக்க முடிந்தது. அபே பங்காளியானார். நல்ல கண்ணாடி கிடைக்கவில்லை என்ற குறையைத் தீர்க்க, 1884லே ஓட்டோ ஷாட் என்ற வேதியியல் வல்லுநரோடு சேர்ந்து கண்ணாடி ஆலை கண்டனர். 1886லே 10,000ஆவது நுண்ணோக்கி வெளிவந்தது!

1888லே ஜெய்ஸ் மறைந்தார். இனி அபேயின் காலம். பெருஞ்செல்வம் பெட்டியிலே. அவர் செய்தது என்ன?

1889லே ஓர் அறக்கட்டளை நிறுவினார். அதற்குத் தம் பெயரையா சூட்டினார்? இல்லை, கார்ல் ஜெய்ஸ் பெயரை! 1891லே, தொழிற்சாலையிலே தமக்கிருந்த பங்கையும், கண்ணாடி ஆலையிலே இருந்த பங்கையும் அதனிடம் ஒப்படைத்தார். ஜெய்ஸ் மகனின் பங்கும் அதனிடமே வந்து சேர்ந்தது. உடைமையாளராக இருந்தவர், சம்பளம் பெறும் நிர்வாகியானார்!

ஏன்? கணக்கைத் தந்தது பல்கலைக்கழகம். கண்ணாடியைத் தேய்த்தது தொழிலாளர் கரம். பலர் சேர்ந்து விளைவித்ததை ஒருவர் மட்டும் அறுத்துக்கொள்வது முறையல்ல என்பது அவர் துணிபு.

தாம் இருக்கும்போது நல்லது செய்வோம், பிறகு வருபவர் பாடு என்று விட்டுவிடவில்லை அவர். 1896லே சாசனம் தீட்டினார். ஓய்வூதியம், சம்பளத்துடன் விடுமுறை, இலாபத்திலே பங்கு - எல்லாம் எழுத்திலே! பிறப்பும் மதமும் கட்சியும் பார்த்து ஆள் எடுக்கக் கூடாது என்றது சாசனம். மேலதிகாரியின் ஊதியம், தொழிலாளரின் சராசரி ஊதியத்தைப்போல் பத்து மடங்கைத் தாண்டலாகாது என்றும் விதித்தது. கருணை கொடுத்ததைக் கோபம் பறித்துவிடலாம்; உரிமையாக எழுதப்பட்டதை யார் எளிதிலே பறிக்க முடியும்?

1900லே எட்டு மணி நேர வேலை! உற்பத்தி படுத்துவிடும் என்று அஞ்சுவோருக்கு அபே அளித்த விடை, கணக்கு. உருப்படிக் கூலி பெற்ற 233 தொழிலாளரின் கணக்கை எடுத்தார். முந்தைய ஆண்டோடு ஒப்பிட்டார். மணிக்கு 16 சதவிகிதம் கூடுதல் வேலை நடந்திருந்தது. ஒன்பது மணியிலே செய்ததைவிடச் சற்று அதிகமாகவே எட்டு மணியிலே செய்து முடித்தனர்! நின்றபடி உண்ட தந்தைக்கு மகன் செலுத்திய காணிக்கை அது என்போம் நாம்.

1903லே பொறுப்பிலிருந்தும் விலகினார். 1905 ஜனவரியிலே மறைந்தார். பிறகு இரண்டு உலகப் போர்கள், நாடு இரண்டானது, நிறுவனமும் கிழக்கிலே யெனா, மேற்கிலே ஓபர்கோஹன் என இரண்டானது. 1990க்குப் பிறகு மீண்டும் ஒன்றாயிற்று. இன்றும் ஜெய்ஸ், ஷாட் ஆகிய இரு தாய் நிறுவனங்களின் பங்குகள் அனைத்தும் அந்த அறக்கட்டளையிடமே!

அச்சகமோ, தறிக்கூடமோ, ஐந்து பேர் வேலை பார்க்கும் பட்டறையோ - நடத்துகின்ற தோழர்கள் எண்ணிப் பார்க்கட்டும். வித்தை உங்கள் தலைக்குள்ளே மட்டும் இருக்கிறதா, ஏட்டிலும் இருக்கிறதா? உடன் உழைப்பவருக்கு உள்ளது உங்கள் தயவா, எழுதப்பட்ட உரிமையா? நாளை நீங்கள் வராவிட்டால் கதவைத் திறப்பது யார்? இவற்றுக்கு விடை காண வேண்டிய நேரம், உடலிலே தெம்பு இருக்கும் நேரம். அபே தம் பங்கை ஒப்படைத்தபோது அவருக்கு வயது 51தான்!