பூமியின் வயதைக் கேள்வி கேட்ட விவசாயி: யார் இந்த ஜேம்ஸ் ஹட்டன்?

சிங்கப்பூரின் லாப்ரடார் கடலோரத்தில் நடந்திருக்கிறீர்களா? அடுத்த முறை போகும்போது அங்குள்ள பாறைச் சரிவைக் கொஞ்சம் நின்று பாருங்கள். குவே லாப்பிஸ் மாதிரி அடுக்குகள் தெரியும்.

அது படிவுப் பாறை. மணலும் சேறும் தண்ணீருக்கு அடியில் படிந்து, மேலே மேலே பாரம் ஏறி, இறுகிக் கல்லானது.

சரி, அப்படி ஆக எவ்வளவு காலம் பிடிக்கும்?

இந்தக் கேள்வியை வாழ்நாள் முழுக்க விடாமல் பிடித்துக்கொண்டவர் ஜேம்ஸ் ஹட்டன். நவீன நிலவியலின் தந்தை என்று இன்று போற்றப்படுகிறார். ஆனால் அவர் நிலவியல் படித்தவர் இல்லை. அவர் காலத்தில் அப்படியொரு படிப்பே கிடையாது!

படித்தது மருத்துவம், பார்த்தது விவசாயம்

ஹட்டன் 1726ஆம் ஆண்டு ஸ்காட்லந்தின் எடின்பரோ நகரில் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். பாரிசிலும் நெதர்லந்தின் லைடன் நகரிலும் மருத்துவம் படித்து, 1749இல் பட்டம் பெற்றார்.

ஆனால் மருத்துவத் தொழிலில் மனம் ஒட்டவில்லை. நண்பர் ஜேம்ஸ் டேவியுடன் சேர்ந்து புகைக்கரியிலிருந்து நவச்சாரம் தயாரிக்கும் தொழிலில் இறங்கினார். பாத்திரத்துக்கு ஈயம் பூசப் பயன்படுமே, அதே நவச்சாரம்தான். அதில் நல்ல வருமானம் கிடைத்தது.

தந்தை விட்டுச்சென்ற பண்ணையையும் அவர் பல ஆண்டுகள் கவனித்துக்கொண்டார். அங்கேதான் பொறி தட்டியது.

ஒவ்வொரு மழைக்கும் வயல் மண் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து ஓடைக்குப் போனது. ஓடையிலிருந்து ஆறு, ஆற்றிலிருந்து கடல். இப்படியே போனால் ஒரு நாள் நிலமே மிஞ்சாதே? பயிர் விளைய மண் எங்கிருந்து வரும்?

அப்படியானால் எங்கேயோ புது நிலம் உருவாகிக்கொண்டே இருக்க வேண்டும் என்று யோசித்தார் ஹட்டன். கடலுக்குப் போன மண் அடியில் படிந்து பாறையாகிறது. பூமிக்குள் இருக்கும் வெப்பம் அந்தப் பாறையை மறுபடி மேலே தூக்குகிறது. பிறகு அதுவும் தேய்கிறது. முடிவில்லாத சுழற்சி.

6,000 ஆண்டு போதுமா?

சிக்கல் இங்கேதான். ஆயர்லந்துப் பேராயர் ஜேம்ஸ் அஷர், பைபிளை வைத்துக் கணக்குப் போட்டு, உலகம் கி.மு. 4004இல் படைக்கப்பட்டது என்று சொல்லியிருந்தார். ஹட்டன் காலத்திலும் பலர் அதை நம்பினர்.

அதாவது, பூமிக்கு வயது சுமார் 6,000 தான்! ஒரு மலை தேய்வதற்கே அது போதாதே?

1785இல் எடின்பரோ அரச கழகத்தில் ஹட்டனின் கருத்து முதன்முறையாக முன்வைக்கப்பட்டது. அன்று அவருக்கு உடம்பு சரியில்லை. அவருக்குப் பதிலாக நண்பரும் வேதியியல் அறிஞருமான ஜோசஃப் பிளாக் கட்டுரையை வாசித்தார்.

கருத்து சரி. ஆதாரம்?

சிக்கர் பாயிண்டில் என்ன கிடைத்தது?

1788ஆம் ஆண்டு. ஹட்டனுக்கு வயது 62. ஜான் பிளேஃபேர், சர் ஜேம்ஸ் ஹால் என்ற இரு நண்பர்களுடன் படகில் ஏறி, ஸ்காட்லந்தின் கிழக்குக் கடலோரமாகப் போனார். சிக்கர் பாயிண்ட் என்ற முனையில் இறங்கினார்.

கீழே சாம்பல் நிறப் பாறை அடுக்குகள், அலமாரியில் அடுக்கிய புத்தகங்கள்போல் கிட்டத்தட்டச் செங்குத்தாக நின்றன. அவற்றின் தலைமேல் செம்மணற்கல் அடுக்குகள் லேசான சாய்வில் படுத்திருந்தன.

இதில் என்ன ஆச்சரியம் என்கிறீர்களா? குவே லாப்பிஸையே எடுத்துக்கொள்வோம். மாவை ஊற்றும்போது எந்த அடுக்கும் நட்டுக்குத்தலாக நிற்காது. தட்டையாகத்தான் படியும். பாறையும் அப்படித்தான்.

ஆகவே இங்கே நடந்தது இது:

முதலில், கடலுக்கு அடியில் சாம்பல் நிறப் படிவுகள் தட்டையாகப் படிந்து கல்லாயின.

அடுத்து, அவை மடங்கி, நிமிர்ந்து, நிலமாக மேலே எழுந்தன.

பிறகு, மழையும் காற்றும் அந்த நிலத்தை மட்டமாகத் தேய்த்தன.

அதன் மேல் சிவப்பு மணல் வந்து படிந்து, அதுவும் கல்லானது.

கடைசியில், எல்லாமே மறுபடி சாய்ந்து மேலே வந்தன.

இதில் ஒவ்வொரு கட்டமும் வயல் மண் கரைகிற அதே வேகத்தில்தான் நடந்திருக்கும். 6,000 ஆண்டு எந்த மூலைக்கு?

கீழ்ப்பாறையின் வயது சுமார் 435 மில்லியன் ஆண்டு, மேல்பாறையின் வயது சுமார் 370 மில்லியன் ஆண்டு என்று இன்று நமக்குத் தெரியும். இரண்டும் தொட்டுக்கொண்டிருக்கும் அந்த ஒரு கோட்டுக்குள் ஏறக்குறைய 65 மில்லியன் ஆண்டு அடங்கியிருக்கிறது.

ஹட்டன் எந்த எண்ணிக்கையும் சொல்லவில்லை. தொடக்கமும் முடிவும் பாறைகளில் தென்படவில்லை என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

உலகம் ஏற்றுக்கொண்டதா?

உடனே இல்லை. வேத நூலுக்கு எதிரானவர் என்ற பழி வந்தது. 1795இல் அவர் இரண்டு பாகங்களாக வெளியிட்ட நூல் ஆயிரம் பக்கத்தைத் தாண்டியது. நடையும் கரடுமுரடு. படித்தவர்கள் குறைவு.

அப்போது ஹட்டன் நோயாளி. பாறைகளையே நேசித்தவரைக் கடைசியில் சிறுநீர்ப்பைக் கல்தான் படுத்தி எடுத்தது. 1797இல் காலமானார்.

அவருடைய உழைப்பும் அத்தோடு மறைந்திருக்கும். காப்பாற்றியவர், அன்று படகில் உடன் வந்த பிளேஃபேர். நண்பரின் கருத்தை எளிய நடையில் எழுதி 1802இல் வெளியிட்டார். அந்த வழியில் சார்லஸ் லைல் 1830இல் நூல் எழுதத் தொடங்கினார். லைலின் நூலைக் கப்பல் பயணத்தில் படித்தார் இளைஞர் சார்ல்ஸ் டார்வின். உயிரினங்கள் மெல்ல மெல்ல மாறுவதற்கு நீண்ட காலம் வேண்டுமே? அந்தக் காலம் அவருக்கு அங்கே கிடைத்தது.

எடின்பரோவில் ஹட்டனின் கல்லறைக்குப் பெயர்ப் பலகை வைக்கப்பட்டதோ 1947இல்தான். 150 ஆண்டு கழித்து!

நமக்கு இதில் என்ன?

ஜூரோங் தீவுக்குக் கீழே, 100 மீட்டருக்கும் அதிக ஆழத்தில், பாறையைக் குடைந்து எண்ணெய் சேமிக்கிறது சிங்கப்பூர். 2014இல் திறக்கப்பட்ட அந்தக் குகைகள் இருப்பதும் படிவுப் பாறையில்தான். அடுக்கு எப்படிச் சாய்ந்திருக்கிறது, எங்கே விரிசல் என்று தெரியாமல் அதைக் குடைய முடியாது.

பாறையைப் படிக்கலாம் என்று காட்டியவர்களில் முன்னோடி, வயல் மண் கரைவதைப் பார்த்துக் கவலைப்பட்ட அந்த விவசாயி.

அடுத்த மழையில் கால்வாயில் கலங்கல் தண்ணீர் ஓடுவதைப் பார்த்தால் ஒரு நிமிடம் நில்லுங்கள். அது கடலுக்குப் போகிறது. என்றோ ஒரு நாள் கல்லாகும்.