கைம்மைத் துயர் துடைத்த கார்வே

மனைவியை இழந்த ஆடவன் மறுமணம் புரிந்துகொள்வதை நம் நாட்டார் நெடுங்காலம் இயல்பெனக் கொண்டனர். கணவனை இழந்தவளோ, பால்மணம் மாறாச் சிறுமியேயாயினும், மறுமணத்தை எண்ணுதலும் ஆகாது என்றனர். 1856-ஆம் ஆண்டிலேயே சட்டம் கைம்பெண் மறுமணத்திற்கு இடந்தந்தது, ஊர்வழக்கு இடந்தரவில்லை. இவ்வோரவஞ்சனையைத் தம் வாழ்க்கையாலேயே எதிர்த்து நின்ற பெரியார் தோண்டோ கேசவ கார்வே ஆவார்.

கார்வே 1858-ஆம் ஆண்டு ஏப்ரல் 18-ஆம் நாள் மராட்டிய நாட்டின் கொங்கணப் பகுதியில் எளிய குடும்பத்தில் தோன்றினார். அவர் வளர்ந்த ஊர் முருட் என்பது. இளமையில் தேர்வு எழுதும்பொருட்டு 100 கல்லுக்கு மேல் நடந்து சதாரா நகரை அடைந்தார். உருவிற் சிறியவராய்க் காணப்பட்டமையால், உரிய வயது நிரம்பாதவர் என அதிகாரிகள் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டனர். அதற்கும் அவர் மனந்தளர்ந்தாரல்லர். 1884-இல் பட்டம் பெற்று, 1891-இல் பூனா பெர்குசன் கல்லூரியில் கணிதப் பேராசிரியரானார்.

அவ்வாண்டிலேயே அவர்தம் இல்லக்கிழத்தி இராதாபாய், இளமைந்தன் ஒருவனை விடுத்து இறந்தார். அக்கால வழக்கப்படி இளஞ்சிறுமி ஒருத்தியை மணத்தல் கார்வேக்கு எளிதாக இருந்தது. ஆனால் மனைவியை இழந்த தாம் மணப்பதாயின், கணவனை இழந்த ஒருத்தியையே மணத்தல் அறம் என அவர் துணிந்தார். அவர்தம் நண்பரின் தங்கை கோதுபாய், எட்டு வயதளவிலேயே கைம்மை எய்தியவர். பண்டித இரமாபாயின் சாரதா சதனத்தில் கல்வி பயின்றவர். 1893-ஆம் ஆண்டு மார்ச்சு 11-ஆம் நாள் இருவர்க்கும் திருமணம் நிகழ்ந்தது. கோதுபாய் ஆனந்திபாய் எனப் பெயர் பெற்றார்.

முருட் ஊரார் வெகுண்டனர். கார்வேயைச் சமூகத்தினின்றும் விலக்கினர்; அவரை வீட்டில் ஏற்பின் அவர் குடும்பத்தாரும் விலக்கப்படுவர் என்றனர். ஈன்ற தாயும் மகனை இல்லத்தில் வைத்துக்கொள்ள இயலாத நிலை எய்தினார். தம் பொருட்டுத் தாய் வருந்த நேர்ந்ததே அவருக்குப் பெருந்துன்பமாயிற்று. எனினும் கைப்பிடித்த மனைவியையோ கொண்ட கொள்கையையோ அவர் கைவிட்டாரல்லர். தம்மை விலக்கியவர்மீது பகையும் பாராட்டவில்லை.

மறுமணத்தை ஆதரிக்கும் சங்கம் ஒன்றை அவர் அவ்வாண்டே தொடங்கினார். ஆயினும், மணம் வேண்டுவார் சிலரே. தம் காலில் நிற்கக் கல்வி வேண்டுவார் பலர் என்பதை விரைவில் உணர்ந்தார். ஆதலின் 1896-இல் கைம்பெண்கட்கு இல்லம் ஒன்று நிறுவினார். பின்னர் அது பூனாவை அடுத்த ஹிங்கணே என்னும் சிற்றூரில் ஒரு குடிசையில் நடைபெற்றது. கார்வே நாள்தோறும் பல கல் தொலைவு நடந்து கல்லூரிக்குச் சென்று கற்பித்து மீண்டும் நடந்தே திரும்பி, இல்லப் பணிகளைக் கவனித்தார். ஆனந்திபாயும் அவர்தம் தொண்டிற்குத் துணைநின்றார்.

1916-இல் மகளிர்க்கெனப் பல்கலைக்கழகம் ஒன்றை ஐந்து மாணவியருடன் தொடங்கினார். 1920-இல் விட்டல்தாஸ் தாக்கர்சி என்னும் வள்ளல் அதற்கு 15 இலட்சம் ரூபாய் நல்கினார். அப்பல்கலைக்கழகம் அவ்வள்ளலின் அன்னையார் பெயரைத் தாங்கி மும்பையில் விளங்குகின்றது.

ஒருகாலத்தில் ஊர் விலக்கிய அப்பெரியாரை நாடு போற்றியது. நூறாண்டு நிறைந்த 1958-இல் அவருக்குப் பாரத ரத்னா விருது வழங்கப்பெற்றது. 1962-ஆம் ஆண்டு நவம்பர் 9-ஆம் நாள் அவர் மறைந்தார்.

மாணவர்களே! பிறர்க்கு அறம் உரைத்தல் யார்க்கும் எளிது. தம் இல்லத்தில் துயர் நேர்ந்தபொழுது அவ்வறத்தின்வழி நிற்றலே அரிது. அவ்வரிய செயலைச் செய்துகாட்டினமையால் கார்வே மக்கள் உள்ளத்தில் நிலைபெற்றார்.