பேனாவால் குடும்பம் காத்தவர்

எழுதிப் பிழைக்க முடியுமா என்று கேட்போருக்கு நான் லூயிசா மே அல்கொட்டின் வாழ்வைச் சொல்வேன். 1832இல் அமெரிக்காவில் பிறந்தார். தந்தை அறிஞர், வீட்டிலோ வறுமை. லூயிசா கூலிக்குத் தைத்தார், பிள்ளைகளுக்குப் படிப்பித்தார், வீட்டு வேலைக்கும் போனார். இடையே பத்திரிகைகளுக்குக் கதை எழுதி, வந்த பணத்தைக் குறிப்பேட்டில் பதிந்து வைத்தார். ஒரு பதிப்பாளர், ஆசிரியத் தொழிலையே பார்க்கும்படி சொல்லி 40 டொலர் கடன் கொடுத்தார். லூயிசா எழுத்தை விடவில்லை.

1868இல் 'லிட்டில் விமன்' வெளிவந்தது. உரிமையை ஒரேயடியாக விற்றுவிட வேண்டாம் என்று அதன் பதிப்பாளரே நேர்மையாக அறிவுரை கூறினார். லூயிசா அதைக் கேட்டார். விற்பனை பெருகப் பெருக அவருக்குரிய பங்கும் வந்தது. குடும்பக் கடன்கள் தீர்ந்தன; அந்த 40 டொலரையும் திருப்பிக் கொடுத்தார். 1888இல் காலமானார்.

தோழியரே, நன்றாக எழுதுங்கள். கையொப்பமிடுமுன் ஒப்பந்தத்தையும் நன்றாக வாசியுங்கள்.