சமுதாயமே தாங்கிய பள்ளி: அறிஞர் சித்திலெவ்வை

இலங்கை முஸ்லிம்களின் கல்வி வரலாற்றில் முதன்மையாக வைத்து எண்ணத்தக்கவர் அறிஞர் முகம்மது காசிம் சித்திலெவ்வை. 1838-ஆம் ஆண்டு கண்டி மாநகரில் பிறந்த இவர், தந்தையாரைப் போன்றே வழக்கறிஞர் தொழிலை மேற்கொண்டார். தமிழ், அரபு, ஆங்கிலம் ஆகிய மொழிகளில் புலமை பெற்றிருந்தார். பொருளும் புகழும் தேடி வந்தன. ஆயினும், தம் சமுதாயச் சிறார் பலர் பள்ளிப்படி ஏறாதிருந்த நிலை அவர் உள்ளத்தை வருத்தியது.

அந்நாளில் ஆங்கிலப் பள்ளிகள் பலவற்றைக் கிறித்தவச் சபைகளே நடத்தி வந்தன. அங்குப் பயின்றால் பிள்ளைகள் மார்க்கம் மறப்பரோ எனப் பெற்றோர் அஞ்சினர். அவ்வச்சத்தை இகழாமல், அதற்கு மாற்று வழி காண முற்பட்டார் சித்திலெவ்வை. மார்க்கக் கல்வியும் உலகியற் கல்வியும் ஒரே கூரையின்கீழ் அமைய வேண்டும். அக்கூரையைச் சமுதாயமே தாங்க வேண்டும் என்பது அவர்தம் துணிபு. அதனை மக்களிடையே பரப்ப 1882-இல் 'முஸ்லிம் நேசன்' இதழைத் தொடங்கினார். தமிழ் நாவலின் முன்னோடிகளுள் ஒன்றான 'அசன்பே சரித்திரம்' 1885-இல் அவர் வழங்கிய கொடையாகும்.

எகிப்திலிருந்து நாடு கடத்தப்பெற்று 1883-இல் இலங்கை வந்த ஒறாபி பாஷாவும் இப்பணிக்கு ஊக்கமளித்தார். எனினும், 1884-இல் கொழும்பில் தோன்றிய பள்ளி போதிய ஆதரவின்றி நலிந்து போயிற்று. நல்லெண்ணம் ஒருவருடையதாகலாம், பள்ளியோ பலர் கைகொடுத்தாலன்றி நிலைபெறாது என்னும் பாடத்தை அத்தோல்வி புகட்டியது.

அறிஞர் தளர்ந்தாரல்லர். எழுதியும் பேசியும் செல்வர்களின் நெஞ்சைத் தட்டினார். கொழும்பு அருங்காட்சியகத்தைக் கட்டிய வாப்பிச்சி மரிக்கார் உறுதுணையானார். 1892-இல் மருதானைப் பள்ளிவாசலைச் சார்ந்து 'மத்ரஸத்துஸ் ஸாஹிரா' மலர்ந்தது. தொழுகைக்குக் கூடிய சமுதாயம் கல்விக்கும் கூடியது. பள்ளியின் மேலாளர் பொறுப்பை வாப்பிச்சி மரிக்கார் ஏற்றார். கண்டியில் பெண்மக்கள் கல்விக்கும் சித்திலெவ்வை வழிகோலினார்.

1898-இல் அறிஞர் மறைந்தார். அவர் நட்ட விதையோ பட்டுப்போகவில்லை. ஸாஹிராக் கல்லூரியாக ஓங்கி வளர்ந்தது. தொடங்கியவர் மறைந்த பின்னும் காப்பதற்குக் கைகள் இருந்தமையே அதற்குக் காரணம். நம் ஊர்ப் பள்ளிகளைக் காக்கும் கடமை யாருடையது என்று வினவுவோர்க்கு அவர்தம் வாழ்வே விடையாகும்.